வாக்களித்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் பங்கு உண்டா?

சட்டத்தை இயற்றுகிறவர், அச்சட்டம் வழங்கும் பயனைத் தம் குடும்பத்துக்கும் பெற்றுக்கொள்ளலாமா? அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்றங்களில் கடந்த சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்துவரும் கேள்வி இது. அரசுப் பள்ளியை விடுத்துத் தனியார் பள்ளியிலோ வீட்டுவழிக் கல்வியிலோ சேரும் மாணவருக்கு அரசே பணம் தரும் ‘பள்ளித் தேர்வுரிமை’த் திட்டங்கள் அங்கே வேகமாகப் பரவிவருகின்றன. 2025 மே மாதம் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் கையொப்பமிட்ட சட்டம், இதற்கென 100 கோடி டாலரை ஒதுக்கியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் டென்னசி மாநிலம் 20,000 மாணவர்களுக்கான திட்டத்தை நிறைவேற்றியது. இத்தகைய மசோதாக்கள் விவாதத்துக்கு வரும்போது, சட்டமன்ற உறுப்பினர்களின் பிள்ளைகளை இத்திட்டத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் உடன் எழுகிறது.

பந்தியில் பரிமாறுகிறவர் தம் இலைக்கு முதலில் பரிமாறிக்கொள்ளக் கூடாது என்பது நாம் அறிந்த நாகரிகம். பொதுநிதியியலைப் பல ஆண்டுகள் கற்பித்த எனக்கும் இந்தக் கோரிக்கை முதலில் முற்றிலும் நியாயமாகவே தோன்றியது. ஆனால், திட்டங்களின் வரலாற்றையும் கணக்கையும் அருகில் வைத்துப் பார்த்தபோது என் கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. விலக்கிவைப்பது தவறான தீர்வு என்பதைவிட, அது மிகச் சிறிய தீர்வு என்பதே என் முடிவு. சிறிய தீர்வு ஒன்று கிடைத்துவிட்ட நிறைவில் பெரிய கேள்வி மறக்கப்படுகிறது.

கேள்வி எழாத காலம்

கல்விக்கு அரசு நிதி தரலாம். ஆனால், பள்ளியை அரசே நடத்த வேண்டியதில்லை என்ற கருத்தை மில்டன் ஃபிரீட்மன் 1955-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அது செயல்வடிவம் பெற 35 ஆண்டுகள் ஆயின. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 1990-இல் தொடங்கிய திட்டமே இன்றைய திட்டங்களுக்கு முன்னோடி. அதைச் சட்டமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றியவர் பாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஜனநாயகக் கட்சி உறுப்பினர். அத்திட்டத்தில் சேர, குடும்ப வருமானம் வறுமைக்கோட்டு வருமானத்தைப் போல் 1.75 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த நிபந்தனை இருந்தவரை, உறுப்பினர்களின் பிள்ளைகள் பயன்பெறலாமா என்று கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. ஏழைக்கு மட்டுமே என வரையறுத்த உதவியைச் சட்டம் இயற்றுகிறவர் தமக்கு எடுத்துக்கொள்வது எளிதன்று; எடுத்துக்கொள்ளத் தகுதியுள்ள அளவுக்கு ஒருவர் ஏழையாக இருந்தால் அதை யாரும் குறைகூறப் போவதும் இல்லை. வருமான வரம்பைத் தளர்த்தும் முயற்சிகளைப் பின்னாளில் பாலி வில்லியம்ஸே எதிர்த்தார் என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

நிலைமை தலைகீழானது 2022-இல். அரிசோனா மாநிலம் தன் கல்விச் சேமிப்புக் கணக்குத் திட்டத்தை, வருமானத்தைப் பாராமல் எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிட்டது. இத்தனைக்கும், இதேபோன்றதொரு விரிவாக்கத்தை 2018-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் நிராகரித்திருந்தனர். விரிவாக்கத்துக்கு முன் ஏறக்குறைய 12,000 ஆக இருந்த பயனாளிகளின் எண்ணிக்கை, 2025-இல் 90,000-ஐக் கடந்தது. 2023-இல் அயோவா, ஃபுளோரிடா, ஆர்க்கன்சா ஆகிய மாநிலங்களும் எல்லோருக்குமான திட்டங்களை உடனேயோ படிப்படியாகவோ கொண்டுவரச் சட்டம் இயற்றின. அயோவாவில் முதல் ஆண்டில் பயன்பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் ஏற்கெனவே தனியார் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அதாவது, அவர்களுடைய பெற்றோர் அதுவரை தம் கையிலிருந்து கட்டிவந்த கட்டணத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது.

சட்டமன்ற உறுப்பினரின் பிள்ளை பற்றிய கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. எல்லோருக்கும் உண்டு என்றால் உறுப்பினருக்கும் உண்டு. தனியார் பள்ளிக்குப் பிள்ளையை ஏற்கெனவே அனுப்பிவரும் உறுப்பினர், தம் வாக்கால் தம் வீட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டவர் ஆகிறார்.

தடைக்கான வாதம்

தடை வேண்டும் என்போரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மானியத் தொகையை, தகுதியை, எந்தெந்தச் செலவுக்குப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்பதை முடிவுசெய்பவர்கள் உறுப்பினர்களே. இடங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட திட்டத்தில், உறுப்பினரின் பிள்ளை பெறும் ஒவ்வோர் இடமும் வேறொரு பிள்ளை இழக்கும் இடம். டெக்சாஸ் திட்டத்தில் தனியார் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஏறத்தாழ 10,500 டாலர் என்று கணக்கிட்டால், 100 கோடி டாலர் ஏறக்குறைய 95,000 மாணவர்களுக்கே போதும். அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் படிப்போர் சுமார் 55 லட்சம் பேர். பற்றாக்குறை உள்ள இடத்தில் பங்கிடுகிறவரின் கை தூய்மையாக இருப்பது மட்டும் போதாது. தூய்மையாகத் தெரியவும் வேண்டும்.

மற்றொரு பக்கத்தாரின் வாதமும் வலுவற்றதன்று. உறுப்பினரும் வரி செலுத்துகிறவர். தந்தையோ தாயோ தேர்தலில் நின்றதற்காக, தனிக்கவனம் தேவைப்படும் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய கல்வியை மறுப்பது எவ்வகை நீதி என்று அவர்கள் கேட்கிறார்கள். சாலை அமைக்க வாக்களித்த உறுப்பினர் அச்சாலையில் போகக் கூடாதா என்றும் கேட்கிறார்கள். பல அமெரிக்க மாநிலங்களின் அவை நெறிமுறைகளும் இதையொட்டியே அமைந்துள்ளன: ஒரு பெரிய பிரிவினர் அனைவருக்கும் கிடைக்கும் அதே பயன்தான் உறுப்பினருக்கும் கிடைக்கிறது என்றால், அதை நலன் முரணாக அவை கருதுவதில்லை.

சாலையோடு ஒப்பிடும் வாதத்தில் ஒரு பிழை உண்டு. ஒருவர் நடப்பதால் சாலை பிறருக்குக் குறைந்துவிடுவதில்லை. வரம்புள்ள நிதி அப்படியன்று. ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையும். ஆகவே, தடை கோருவோரின் கவலை உண்மையானது. அந்தக் கவலையைத் தடை தீர்க்குமா என்பதே நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

தடையால் யார் பாதிக்கப்படுவார்?

முதலில் பணக் கணக்கு. டெக்சாஸின் இரு அவைகளிலும் சேர்த்து 181 உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் பள்ளி வயதில் இரு பிள்ளைகள் இருப்பதாகவும், அனைவரும் திட்டத்தில் சேர்வதாகவும் வைத்துக்கொண்டாலும் 362 பேர். அவர்களுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 38 லட்சம் டாலர். 100 கோடியில் அது ஆயிரத்துக்கு நான்கு பங்குகூட இல்லை. தடையால் கருவூலத்துக்கு மிச்சமாவது இவ்வளவே.

அடுத்தது, தடை யாரைத் தாக்கும் என்பது. வசதியுள்ள உறுப்பினர் தம் சொந்தப் பணத்தில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்குத் தொடர்ந்து அனுப்புவார். அவருக்கு அது பெரிய இழப்பன்று. இழப்பு யாருக்கு என்றால், மானியம் இல்லாமல் தனியார் பள்ளியை நினைத்தும் பார்க்க முடியாத உறுப்பினருக்கு. அமெரிக்காவில் சட்டமன்ற உறுப்பினர் என்றாலே செல்வந்தர் என்று எண்ணிவிடக் கூடாது. டெக்சாஸ் உறுப்பினரின் ஊதியம் மாதம் 600 டாலர். அமர்வு நாள்களுக்கான படி தனி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஆண்டுக்கு 100 டாலர் மட்டுமே. அம்மாநிலக் கீழவையின் 400 உறுப்பினர்களில் சம்பாதிக்க வேண்டியவர்கள் வேறு வேலை பார்த்தாக வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தடை விதித்து, அவருக்குத் தேர்தல் நிதி தந்த பெருவணிகரின் பிள்ளைக்கு மானியம் வழங்கும் ஏற்பாட்டை நேர்மை என்று என்னால் அழைக்க முடியவில்லை.

மூன்றாவதாக, உறுப்பினர்கள் எதை எண்ணி வாக்களிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் இதே டெக்சாஸ் கீழவை, கல்வி மசோதாவிலிருந்து இத்திட்டத்தை 84-63 என்ற வாக்கு வேறுபாட்டில் நீக்கியது. ஆளும் குடியரசுக் கட்சியின் உறுப்பினர்கள் 21 பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களித்தனர். அவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத் தொகுதியினர். தனியார் பள்ளிகள் அரிதாகவும், அரசுப் பள்ளியே ஊரின் முதன்மையான வேலை வழங்குநராகவும் உள்ள பகுதிகள் அவை. அடுத்த ஆண்டின் உட்கட்சித் தேர்தலில், அவ்வாறு எதிர்த்தவர்களுக்கு எதிராக ஆளுநர் வேறு வேட்பாளர்களை ஆதரித்தார். எதிர்த்தவர்களில் பலர் பதவி இழந்தனர். பென்சில்வேனியாவைச் சேர்ந்த பெருஞ்செல்வரும் இத்திட்டங்களின் ஆதரவாளருமான ஜெஃப் யாஸ், 2023 இறுதியில் ஆளுநரின் தேர்தல் நிதிக்கு 60 லட்சம் டாலர் அளித்திருந்தார். 2025-இல் சட்டம் நிறைவேறியது. இந்த நிகழ்வுகளில் எந்த இடத்திலும், வாக்கின் திசையைத் தீர்மானித்தது உறுப்பினரின் பிள்ளைக்குக் கிடைக்கும் 10,500 டாலர் அன்று. தொகுதியும் பதவியும் தேர்தல் பணமுமே தீர்மானித்தன.

அரசியல்வாதிகளும் சந்தையில் நிற்கும் பிறரைப் போலத் தம் நலனை நோக்கியே முடிவெடுக்கிறார்கள் என்ற அடிப்படையில் ஆய்வுசெய்து 1986-இல் நோபல் பரிசு பெற்றவர் ஜேம்ஸ் புக்கானன். அவர் வழியில் வந்த மாணவர்களுக்கு நான் சொல்லிவந்தது ஒன்றுண்டு: தன்னலத்தைத் தேடுங்கள், ஆனால், சிறிய தன்னலத்தைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

பெரிய ஆதாயம் எங்கே?

உறுப்பினரின் பிள்ளை மானியம் பெறுவதைவிட, உறுப்பினரே மானியம் பாயும் வாய்க்காலில் அமர்ந்திருப்பது பெரிய சிக்கல். அரிசோனா மாநில செனட் அவையின் தலைவராக 2017, 2018 ஆண்டுகளில் இருந்த ஸ்டீவ் யார்ப்ரோ, வரிச்சலுகை நன்கொடைகளைத் திரட்டித் தனியார் பள்ளி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அமைப்பொன்றின் செயல் இயக்குநராகவும் சட்டமன்றப் பணிக்காலத்தில் விளங்கினார். அத்தகைய அமைப்புகள் திரட்டும் தொகையில் 10 விழுக்காடு வரை நிர்வாகச் செலவுக்கு வைத்துக்கொள்ள அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. அன்றைய விதிகள் இதைத் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டமும் இதைத் தடுக்கப் போவதில்லை.

2025 ஜூலையில் நிறைவேறிய கூட்டரசின் வரிச் சட்டத்தையும் நோக்குவோம். உதவித்தொகை வழங்கும் அமைப்புகளுக்கு நன்கொடை அளிப்போர் 2027 முதல் ஆண்டுக்கு 1,700 டாலர் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். திட்டத்தில் சேரும் மாநிலங்களில், தம் பகுதியின் இடைநிலை வருமானத்தைப் போல் மூன்று மடங்கு வரை ஈட்டும் குடும்பங்கள் உதவித்தொகைக்குத் தகுதி பெறும். அமெரிக்காவில் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 1 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அதன் மும்மடங்கு 3 லட்சத்துக்கும் மேல். நாடாளுமன்ற உறுப்பினரின் ஊதியமோ 2009 முதல் 1,74,000 டாலர். எனவே, வேறு வருமானம் இல்லாத உறுப்பினரின் குடும்பம் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் தகுதி வரம்புக்குள்ளேயே வரும்.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. உதவித்தொகை அமைப்பை நடத்துகிறவர்கள் தம் குடும்பத்துக்கே அதைக் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் தடுக்கிறது. பங்கிடுகிறவர் தம் இலைக்குப் பரிமாறிக்கொள்ளக் கூடாது என்ற நெறி சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அந்த நெறியை அமைப்பு நடத்துகிறவருக்குப் பொருத்தியவர்கள், சட்டம் எழுதிய தமக்குப் பொருத்தவில்லை.

உள்ளே இருத்துவதா, வெளியே நிறுத்துவதா?

சட்டம் இயற்றுவோரின் தன்னலத்தைக் கட்டுப்படுத்த இரு எதிரெதிர் வழிகள் உலகெங்கும் பேசப்படுகின்றன. ஒன்று, பயனிலிருந்து அவர்களை வெளியே நிறுத்துவது. மற்றொன்று, அவர்கள் பிறருக்கு விதித்ததையே அவர்களுக்கும் விதித்து உள்ளே இருத்துவது. 2010-ஆம் ஆண்டின் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இரண்டாவது வழியைக் கையாண்டது. அயோவா செனட்டர் சக் கிராஸ்லியின் முயற்சியால், நாடாளுமன்ற உறுப்பினர்களும் அச்சட்டத்தின்கீழ் அமைந்த காப்பீட்டுச் சந்தையிலேயே காப்பீடு பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆனால், அரசு அவர்களுக்கு அளித்துவந்த பங்களிப்பு தொடரும் வகையில் 2013-இல் விதி வகுக்கப்பட்டது. சாதாரண மக்களின் வரிசையில் நின்றாலும் குடை மட்டும் தனியாக வந்துசேர்ந்தது.

நம் நாட்டிலும் இவ்வழி முயலப்பட்டதுண்டு. அரசு ஊழியர்களும் மக்கள் பிரதிநிதிகளும் நீதித்துறையினரும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சேர்ப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. பெரும் பாராட்டைப் பெற்ற அந்த உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் இந்தச் சிக்கலைத் தெளிவாக விளக்கினார். ஒரு நிறுவனம் சீர்கெடும்போது, குரல் எழுப்பித் திருத்தக்கூடிய பெற்றோரே முதலில் வெளியேறிவிட்டால், எஞ்சியிருப்போருக்காகக் குரல் கொடுக்க ஆள் இருக்காது. உறுப்பினரின் பிள்ளை அரசுப் பள்ளியில் இருப்பது அந்தப் பள்ளிக்கு ஒரு பலமே. அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் 1977-இல் தம் மகளை வாஷிங்டன் அரசுப் பள்ளியில் சேர்த்தது இன்றும் பேசப்படுவது அதனால்தான். ஆனால், மானியத்தைத் தடுப்பதால் மட்டும் இது நிகழ்ந்துவிடாது. மானியம் வருவதற்கு முன்பும் வசதியுள்ளோர் வெளியேறிக்கொண்டுதான் இருந்தார்கள். தடை அவர்களைத் திரும்ப அழைத்து வராது.

செய்யத்தக்கவை

அப்படியானால் என்ன செய்யலாம்? மூன்று விதிகள் போதும் என்பது என் கருத்து.

முதலாவது, எல்லோருக்கும் பொதுவான வருமான வரம்பு. இது இருந்தால் உறுப்பினர், அமைச்சர், வணிகர் என்ற வேறுபாட்டுக்கே இடமில்லை. தேவை உள்ளவர் பெறுவார், இல்லாதவர் பெறமாட்டார். மற்ற விதிகள் அனைத்தும் இது இல்லாத குறையை ஈடுசெய்யும் முயற்சிகளே.

இரண்டாவது, வரம்பில்லாத திட்டத்தை இயற்றும் அவையின் உறுப்பினர்கள், அடுத்த பொதுத்தேர்தல் முடியும்வரை அதன் பயனைப் பெறக் கூடாது. மானியத் தொகையை உயர்த்தும்போதும் உயர்ந்த தொகைக்கு இதே விதி பொருந்த வேண்டும். இது என் கற்பனை அன்று. நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதிய மாற்றம் ஒரு தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் 27-ஆவது திருத்தம். 1789-இல் முன்மொழியப்பட்டுக் கிடப்பில் கிடந்த அதை, டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரிகோரி வாட்சன் 1982-இல் தம் வகுப்புக் கட்டுரைக்காகக் கண்டெடுத்தார். கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்தது ‘சி’ தரம். மனம் தளராமல் மாநிலங்கள்தோறும் கடிதம் எழுதி அவர் நடத்திய இயக்கத்தால் 1992-இல் அத்திருத்தம் நிறைவேறியது. பல்கலைக்கழகம் அவருடைய தரத்தை 2017-இல் ‘ஏ’ என்று திருத்தியது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தியவன் என்ற முறையில் இந்தச் செய்தியை நான் சற்றுத் தலைகுனிந்தே படித்தேன். அத்திருத்தத்தின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது: பயனை அது மறுக்கவில்லை, இடையே வாக்காளரை நிறுத்துகிறது. மக்களிடம் போய்வந்த பிறகு பெறுவது களவாகாது.

மூன்றாவது, மானியம் பெறும் பள்ளியையோ அமைப்பையோ நடத்துகிறவரும், அதில் ஊதியமோ வாடகையோ பெறுகிறவரும் இது தொடர்பான வாக்கெடுப்பில் பங்கேற்கக் கூடாது. திட்டத்தில் பிள்ளையைச் சேர்த்துள்ள உறுப்பினர், பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ சொல்லாமல், சேர்த்திருக்கிறார் என்ற செய்தியை மட்டும் அவையில் பதிவுசெய்ய வேண்டும். மிச்சத்தை வாக்காளர் பார்த்துக்கொள்வார்.

இந்தியாவில் வவுச்சர் என்ற பெயரில் அல்லாமல், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் வழியாகத் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களுக்கான கட்டணத்தை அரசு ஏற்கிறது. தமிழ்நாட்டில் நலிவடைந்த பிரிவினருக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. நிதி தாமதமாவது முதல் சான்றிதழ் முறைகேடு வரை பேச நிறைய இருக்கிறது. எனினும், ‘யாருக்காக’ என்ற கேள்விக்கு அச்சட்டம் முதலிலேயே விடை சொல்லிவிட்டது. வரம்பைத் தளர்த்த வேண்டும் என்ற குரல் நாளை இங்கும் எழலாம். அப்போது அரிசோனாவின் அனுபவம் நமக்குப் பயன்படும்.

ஏழைப் பிள்ளைக்காகத் தொடங்கிய ஒரு திட்டம் எல்லோருக்குமாக மாறியபோது, அமெரிக்காவில் சட்டம் இயற்றுவோரின் வீட்டுவாசலில் மட்டும் ஒரு தடுப்பை நிறுத்தலாமா என்று விவாதிக்கிறார்கள். அந்தத் தடுப்பைத் தாண்டி, மானியம் தேவைப்படாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பொதுப்பணம் போய்க்கொண்டிருக்கிறது. பந்தியில் பரிமாறுகிறவரின் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், பசியோடு வாசலில் நிற்பவர் உள்ளே வந்தாரா என்பதைப் பார்க்கத் தவறிவிடுவோம்.